வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும்: மலை வீட்டில் சினரேரியா வளர்க்க முழு வழிகாட்டி

சாமந்தி, சூரியகாந்தி, துலுக்கச் செவ்வந்தி, டேலியா, ஜீனியா என்று சூரியகாந்திக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமான பூச்செடி எதை எடுத்தாலும் வெயிலுக்கு ஏங்கும். அரை நாள் நிழல் விழுந்தாலே காம்பு நீண்டு, சாய்ந்து, இரண்டு பூவோடு நின்றுவிடும். அதனால் மலையில் வீடு இருப்பவர்கள் வடக்குப் பார்த்த திண்ணைக்கு ஃபியூஷியாவையும் பெகோனியாவையும் வைத்துவிட்டு, சாமந்தி வகையறா இந்த மூலைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அதே குடும்பத்தில் உச்சி வெயில் பட்டால் துவண்டு படுத்துவிடும் செடி ஒன்று உண்டு. அதுதான் சினரேரியா. ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் தொட்டி அடுக்கிய மாடங்களில் இதைப் பார்த்திருக்கலாம். வெள்ளரி இலை போல அகன்ற மெத்தென்ற இலைகள், அவற்றின் மேல் தட்டில் பரப்பியது போல நெருக்கமாகப் பூக்கள். இதழ் நுனி நீலமோ ஊதாவோ கருஞ்சிவப்போ இருக்கும், உள்ளே ஒரு வெள்ளை வளையம், நடுவில் கரும்பொட்டு. சாமந்தியில் எத்தனை நிறம் பார்த்திருந்தாலும் நீலம் பார்த்திருக்க மாட்டீர்கள். 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தால் ஒரு நீலச் சாமந்தியை உண்டாக்கினார்கள். அதற்கு அவர்கள் கடன் வாங்கிய இரண்டு மரபணுக்களில் ஒன்று நம் வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து வந்தது. சினரேரியாவுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை, நீலம் அதற்குப் பிறவியிலேயே உண்டு.

விதை வாங்கப் போகும் முன் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

செடியின் சொந்த ஊர்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகள்தான் இதன் தாயகம். அதில் பெரிய தீவான தெனரீஃபின் நடுவே தெய்தே என்ற எரிமலை 3715 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கடற்காற்று கொண்டுவரும் மேகம் வடக்குச் சரிவில் மோதி, ஏறத்தாழ 600 மீட்டரிலிருந்து 1500 மீட்டர் வரை மூட்டமாகத் தங்கிவிடும். அந்த மூட்டத்துக்குள்தான் பசுமை மாறாக் காடு. காட்டின் ஓரங்களிலும் ஈரப் பாறை இடுக்குகளிலும் சினரேரியாவின் மூதாதைச் செடிகள் வளர்கின்றன. பிரிஞ்சி இலைக் குடும்பத்து மரங்கள் அந்தக் காட்டில் நிறைய. நம் நீலகிரிச் சோலைகளிலும் அதே குடும்பத்து மரங்கள்தான் நிறைய என்பதை யோசித்தால், இந்தச் செடிக்கு ஊட்டி ஏன் பிடித்துப்போனது என்பது புரியும்.

பிரிட்டனின் கியூ தோட்டத்துக்காகச் செடி திரட்டிய பிரான்சிஸ் மேசன் 1770களின் இறுதியில் இதன் காட்டுச் செடியைக் கேனரித் தீவுகளிலிருந்து அனுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று காட்டு இனங்களைக் கலந்து இன்றைய தொட்டிச் செடியை உருவாக்கினார்கள். இன்றைய தாவரவியல் பெயர் பெரிகாலிஸ் ஹைப்ரிடா. பழைய பெயரான சினரேரியாதான் கடைகளில் நிலைத்துவிட்டது.

ஆக, இந்தச் செடி கேட்பது மூன்று: மூட்டம் போட்ட நாளின் வெளிச்சம், குளிர்ந்த காற்று, நீர் தேங்காத ஈரம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றைத் தருவதற்காகத்தான்.

உங்கள் ஊரில் வருமா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், இலங்கையில் நுவரெலியா ஆகிய இடங்களில் தாராளமாக வரும். ஏற்காடு, வால்பாறை உயரத்தில் குளிர்காலத்துக்குச் சரியாகக் கணக்குப் பண்ணி விதைத்தால் வரும். பெங்களூரில் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்து ஜனவரியில் பூப் பார்ப்பவர்கள் உண்டு. சென்னை, மதுரை, திருச்சிக்காரர்கள் தயவுசெய்து பணத்தை வீணாக்காதீர்கள். செடி பிழைத்து இலை விட்டாலும் மொட்டு வைக்காது. காரணம், மொட்டுக் கட்டுவதற்கு அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் 15 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். மின்விசிறியும் பனிக்கட்டியும் வைத்து ஏமாற்ற முடியாத விஷயம் இது.

காலக் கணக்கு இப்படி: விதையிலிருந்து பூவுக்கு ஐந்து மாதம், சில ரகங்களுக்கு ஆறு. மே மாதச் சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் விதைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இது நடக்கும், அங்கே ஏப்ரலிலும் இரவு குளிராகவே இருக்கும். கோத்தகிரி, ஏற்காடு போலச் சற்றே இறக்கமான ஊர்களில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விதைப்பது நல்லது. நவம்பர், டிசம்பர் குளிர் சரியாக மொட்டுக் கட்டும் பருவத்தில் வந்து சேரும். தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும் ஜூன், ஜூலையில் விதைக்காதீர்கள், நாற்றழுகல்தான் மிஞ்சும்.

விதை வாங்கும்போது

ஒரு முன்னெச்சரிக்கை. நான் முதல் தடவை ஆசையோடு வாங்கிய பொட்டலத்தில் ‘சினரேரியா’ என்றுதான் போட்டிருந்தது. முளைத்தது, வளர்ந்தது, வெள்ளி பூசியது போலச் சாம்பல் நிற இலை விட்டது, பூவைக் காணோம். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது டஸ்டி மில்லர். அதன் பழைய பெயர் சினரேரியா மரிட்டிமா. மருந்துக் கடையில் அந்தப் பெயரில் ஹோமியோபதிக் கண் சொட்டு மருந்து விற்கிறார்களே, அந்தச் செடி. மத்தியதரைக் கடற்கரையில் வெயில் காயும் இனம் அது, நமக்கு வேண்டியது வேறு. பொட்டலத்தில் பூப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். (கண் சொட்டு மருந்துப் பெயரைக் கேட்டுவிட்டு யாரும் நம் சினரேரியா இலையைக் கசக்கிக் கண்ணில் விடவும் வேண்டாம். நச்சுச் செடி இது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

குட்டை ரகங்கள் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும், தொட்டிக்கு இவையே போதும். நட்சத்திரம் போலச் சிறு பூவும் நீண்ட கிளையும் கொண்ட உயர ரகங்கள் 60 செ.மீ. வரை போகும். என் ரசனைக்கு உயர ரகம்தான் அழகு, காட்டுச் செடியின் சாயல் அதில்தான் மிச்சம் இருக்கிறது. ஆனால் அதற்குக் குச்சி நட்டுக் கட்ட வேண்டும், விதையும் எளிதில் கிடைக்காது.

விதைப்பு

விதை மிகப் பொடி. ஒரு கிராமில் சில ஆயிரம் இருக்கும். வீட்டுக்கு ஐம்பது விதையே ஏராளம்.

கீரை விதைக்கும்போது மணலோடு கலந்து தூவுவோமே, அதே வித்தைதான். ஒரு கரண்டி காய்ந்த மெல்லிய மணலில் விதையைக் கலந்துகொள்ளுங்கள். ஆழமில்லாத தட்டிலோ குழித்தட்டிலோ சலித்த தென்னை நார்க் கழிவு மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு நிரப்பி, தட்டைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேலே ஈரம் தெரிந்ததும் எடுத்து வடியவைத்து, விதை கலந்த மணலைத் தூவுங்கள். அதன் மேல் விதை லேசாகத் தெரியும்படி ஒரு தூசுப் படலம் அளவுக்குச் சலித்த நார்க் கழிவு. அவ்வளவுதான் மூடல். ஆழப் புதைத்தால் முளைக்காது.

மேலே ஒரு கண்ணாடித் தகடோ பாலித்தீன் தாளோ போட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். முளைப்புக்கு 18 முதல் 21 டிகிரி வரை வெப்பம் தேவை. டிசம்பரில் ஊட்டியில் வெளியே அந்தச் சூடு இருக்காது, ஆகவே தட்டு வீட்டுக்குள் இருக்கட்டும். சமையலறை ஜன்னல் ஓரம் எனக்குச் சரியாக அமைந்தது. பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும், பதினான்கு நாளுக்குள் முளைக்க வேண்டியதெல்லாம் முளைத்துவிடும்.

முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். இங்கேதான் பாதிப் பேருடைய நாற்றுகள் போகின்றன. மூடிய ஈரத்தில் தண்டின் அடி கறுத்து, முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் படுத்திருக்கும். விதைக்கும் முன்பே கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கொஞ்சம் சேர்த்தால் ஓரளவு காப்பு. அதைவிட முக்கியம் காற்றோட்டம். தண்ணீரும் மேலிருந்து தெளிக்காமல் தாம்பாளம் வழியாகவே கொடுங்கள்.

இடமாற்றம் இரண்டு முறை

முளையிலையை அடுத்து இரண்டு நிஜ இலை வந்ததும் நாற்றை இலையைப் பிடித்துத் தூக்கி (தண்டைப் பிடித்தால் நசுங்கும்) 3 அங்குலக் குடுவைக்கு மாற்றுங்கள். வேர் அடித்துளையில் எட்டிப் பார்க்கும்போது, ஏறத்தாழ ஆறேழு வாரம் கழித்து, 5 அல்லது 6 அங்குலத் தொட்டி. அதற்கு மேல் பெரிய தொட்டி வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் பூ நினைப்பு வரும். பெரிய தொட்டியில் வைத்த செடி முட்டைகோசு மாதிரி இலையாகவே பெருத்துக்கொண்டு போகும், தேங்கிய ஈரத்தில் வேரும் அழுகும்.

மண் கலவை: நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மணல் ஒன்று, பழைய மாட்டுத் தொழு உரம் ஒன்று. மரத்தடியில் கிடக்கும் பழைய இலைமக்கு கிடைத்தால் அதற்கு ஈடில்லை. தைல மரத்து இலை மட்டும் சேர்க்காதீர்கள். தேயிலைத் தோட்டப் பக்கத்து மண்ணாக இருந்தால் அமிலம் தூக்கலாக இருக்கும். சினரேரியாவுக்கு 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை (pH) வசதி. அங்கேயே எஸ்டேட்டுகளில் பயன்படுத்தும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியை ஒரு வாளிக் கலவைக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் சரியாகிவிடும்.

நடும்போது செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண் மட்டத்தில் இருக்கட்டும், புதைய வேண்டாம்.

எங்கே வைப்பது

தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான். நிழல் விரும்பி என்றதும் மாடிப்படிக்கு அடியிலும் இருட்டு வராந்தாவிலும் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். அங்கே காம்பு நீண்டு செடி சோகையாகிவிடும். விளக்குப் போடாமல் செய்தித்தாள் வாசிக்க முடியுமா, அது இடத்தின் சோதனை. தாராளமாக வாசிக்க முடிந்து, ஆனால் தொட்டியின் நிழல் தரையில் கூர்மையாக விழாமல் இருந்தால் அந்த இடம் பொருத்தம்.

கிழக்குப் பார்த்த திண்ணை மிகச் சிறந்தது. காலை ஒன்பது மணி வரை வரும் இளவெயில் நன்மைதான். பத்துக்கு மேல் மலை வெயில் வேறு மாதிரி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், குளிராகத் தெரிந்தாலும் சுள்ளென்று சுடும். ஊட்டிக்கு வந்துபோகிறவர்கள் முகம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். மேற்கு வெயில் விழும் இடமானால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மரத்தடி என்றால் இலை அடர்ந்த மரத்தைவிட, சில்வர் ஓக் போலச் சல்லடை நிழல் தரும் மரம் மேல்.

குளிர் வேண்டும் என்பதற்காக உறைபனியில் விட்டுவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான புல்வெளிகளிலும் பள்ளங்களிலும் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். அதில் ஓர் இரவு நின்றால் சினரேரியா வேக வைத்த கீரை போல ஆகிவிடும். மாலையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். இரவில் 7 முதல் 12 டிகிரி வரை இருந்தால் செடிக்கு ஆனந்தம்.

தண்ணீர்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

சினரேரியா சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, நம் பாசத்தால். நடப்பது இதுதான். அகன்ற, மெல்லிய இலை. நண்பகலில் சற்று வெயிலோ காற்றோ பட்டால் வேர் இழுக்கும் தண்ணீரைவிட இலை விடும் ஆவி அதிகமாகிவிடும், இலை தொங்கும். நாம் பதறி ஒரு சொம்பு ஊற்றுவோம். மறுநாளும் தொங்கும், மறுபடி ஊற்றுவோம். மண் சதுப்பாகி வேருக்கு மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். அழுகிய வேர் தண்ணீர் இழுக்காது, அதனால் இலை இன்னும் தொங்கும். நாம் இன்னும் ஊற்றுவோம். ஒரு வாரத்தில் கதை முடிந்தது. நான் இப்படி ஒரே மாதத்தில் பதினோரு தொட்டிகளைக் கொன்றிருக்கிறேன்.

ஆகவே இலை தொங்கினால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கையில் கனமாக இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் செடியை மட்டும் ஆழ்ந்த நிழலுக்கு நகர்த்துங்கள். மாலைக்குள் நிமிர்ந்துவிட்டால் பிரச்சினை வெயில்தான், இடத்தை மாற்றுங்கள். மறுநாள் விடிந்தும் நிமிரவில்லை, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வெள்ளை வேர் கொஞ்சமாவது இருந்தால், பழுப்பு வேரை வெட்டி, புதுக் கலவையில் சிறிய தொட்டியில் வைத்துப் பிழைக்கவைக்கப் பார்க்கலாம். எல்லாமே பழுப்பாக இருந்தால் குப்பைக்குழிதான். தூக்கும்போது தொட்டி இலேசாக இருந்தால் மட்டுமே தாகம். அப்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் உட்காரவைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வழக்கமாகத் தண்ணீர் விடுவது காலையில், பூவாளியின் மூக்கை இலைக்கு அடியில் நுழைத்து. இலை மேலும் நடுக்குருத்திலும் தண்ணீர் நின்றால், மூடுபனிக் காலத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரமும் மொட்டும்

இரண்டாவது இடமாற்றம் முடிந்து மூன்று வாரம் கழித்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மண்புழு உரக்காரர்கள் ஒரு கைப்பிடியை மாதம் ஒருமுறை மேலே தூவலாம். யூரியாவும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் வேண்டாம், தழைச்சத்து ஏறினால் இலை பெருத்துப் பூவை மறைத்துவிடும். மொட்டில் நிறம் தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

குளிர் வாரங்கள் முடிந்து நடுக்குருத்தைப் பிரித்துப் பார்த்தால் பச்சைக் கடுகு சிதறியது போல மொட்டுக் கொத்து தெரியும். அதன் பின் குருத்து நுனியைக் கிள்ளக் கூடாது. பூவை மறைக்கும் பெரிய இலை ஒன்றிரண்டு இருந்தால் வேண்டுமானால் எடுக்கலாம். தொட்டியை வாரம் இருமுறை கால் வட்டம் திருப்பினால் செடி ஒரு பக்கமாகச் சாயாமல் உருண்டையாகப் பூக்கும்.

பூத்த தொட்டியைக் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் நிற்கும். ஹீட்டர் போட்ட அறையில் அதே செடி பத்து நாளில் சோர்ந்துவிடும்.

பூச்சியும் நோயும்

அசுவினி கட்டாயம் வரும். இலையின் அடிப்பக்கத்தையும் மொட்டுக் காம்பையும் நாலு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தொடக்கத்தில் விரலாலேயே நசுக்கிவிடலாம், மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூவின் மேல் படவேண்டாம், கறை விழும்.

இலையில் வெள்ளைக் கோலம் போட்டது போல வளைந்து வளைந்து கோடு ஓடினால் அது இலைத் துளைப்பான். கோட்டின் நுனியில் புழு இருக்கும், அந்த இடத்தை நசுக்கினால் போதும். கோடு நிறைந்த இலையைப் பறித்து எரித்துவிடுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. இரவில் ஓடில்லா நத்தை நாற்றை மொட்டையாக்கிவிடும், டார்ச் விளக்கோடு ஒரு நடை போவதைத் தவிர நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. இலையில் மாவு தூவியது போல வந்தால் சாம்பல் நோய், தொட்டிகளை நெருக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இலையில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்து குருத்து கோணிக்கொண்டால், இலைப்பேன் கொண்டுவரும் வைரஸாக இருக்கலாம். அந்தத் தொட்டியை இரக்கப்படாமல் அப்புறப்படுத்துங்கள்.

பக்கத்தில் வைக்க இன்னும் இரண்டு

சினரேரியா ஒரு சீசன் செடி. நிழல் மூலையில் ஆண்டு முழுதும் நிற்க இதே குடும்பத்தில் ஃபார்ஃபூஜியம் இருக்கிறது. தாமரை இலை மாதிரி வட்ட இலை, பளபளப்பு. சில ரகங்களில் மஞ்சள் புள்ளி தெறித்திருக்கும், அதனால் சிறுத்தைச் செடி என்பார்கள். ஜப்பான், சீனா பக்கத்துச் செடி. பூவைவிட இலைதான் அழகு. அதன் உறவான லிகுலேரியா ஆசிய மலைகளின் ஓடைக்கரை இனம், மஞ்சள் பூ. வெயில் ஏறினால் அதுவும் இலையைத் தொங்கவிட்டு மாலையில் நிமிரும். இரண்டுக்கும் சினரேரியாவைவிடக் கூடுதல் ஈரம் கொடுக்கலாம், மற்றபடி நிழலும் இலைமக்கும் அதேதான்.

பூத்து முடிந்த பின்

உண்மையில் இது பல்லாண்டுத் தாவரம்தான், ஆனால் இரண்டாம் ஆண்டுச் செடி முதல் ஆண்டின் பாதி கூடப் பூக்காது. பூ முடிந்ததும் எடுத்துவிடுவதே உத்தமம். எடுத்த செடியை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இதில் உண்டு. பூனை, நாய், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சோலை ஓரத்திலும் ஓடைக்கரையிலும் செடியைக் கொட்டவும் வேண்டாம். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் சினரேரியா தோட்டத்தைத் தாண்டித் தானாகப் பரவியிருக்கிறது. இதே குடும்பத்து மெக்சிகோக் களைச் செடி ஒன்று நீலகிரியின் ஈரச் சரிவுகளை எப்படி மூடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். வீட்டுக் குப்பைக்குழியிலேயே புதைத்து மக்கவிடுங்கள்.

விதை எடுக்க ஆசையிருந்தால் ஒரே செடியை நம்பாதீர்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. நிறம் பிடித்த இரண்டு மூன்று தொட்டிகளை ஒட்டி வைத்தால் தேனீ வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூ வாடி, நடுப்பொட்டில் வெள்ளைப் பஞ்சு விரியத் தொடங்கும் நாளில், காற்றுக்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு தலையோடு கிள்ளிக் காகித உறையில் போடுங்கள். நீலத்தையும் சிவப்பையும் சேர்த்து வைத்த எனக்கு மறு ஆண்டு வந்ததில் பாதி, பெயர் சொல்லத் தெரியாத ஒரு ஊதா. நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, உறையில் தேதி எழுதி, வரும் விதைப்புக்கே தூவிவிடுங்கள்.